வீட்டுப் பெரியவங்கள மிஸஸ் மெய்சல் பாக்க வைக்கறது எப்படி

அம்மா, சித்தி, மாமியார், எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி, யாரா இருந்தாலும் சரி, அவங்கள்ட்ட போய் "தி மார்வலஸ் மிஸஸ் மெய்சல்னு ஒரு சீரிஸ், 1950கள்ல நியூயார்க்ல நடக்குது, ஒரு பொம்பள ஸ்டாண்டப் காமெடி பண்ண ஆரம்பிக்கறா, எம்மி அவார்டெல்லாம் வாங்கிருக்கு, கண்டிப்பா பாருங்க"ன்னு சொன்னீங்கன்னா "ம், பாக்கலாம்"னு ஒரு பதில் வரும், அதோட முடிஞ்சுது, அடுத்த நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கமான சீரியல்தான் ஓடும். அவங்க மேல தப்பே இல்ல. அவங்களுக்கு நியூயார்க்கும் வேணாம் ஸ்டாண்டப்பும் வேணாம், அவார்டு யாருக்கு குடுத்தா அவங்களுக்கென்ன. ஆனா நம்ம ஊர் அம்மாக்கள் மாதிரி இந்த சீரிஸ புரிஞ்சு ரசிக்கக் கூடியவங்க ரொம்ப கம்மின்னு நான் மனசார நம்பறேன், அதனால இத எப்படி சொல்லணும், எத முன்கூட்டியே சொல்லி வைக்கணும், எங்க வாய மூடிட்டு பக்கத்துல உக்காரணும்னு எனக்குப் பட்டத எல்லாம் எழுதறேன்.

மொதல்ல சிபாரிசு பண்ற உங்களுக்கு விவரம் தெரியணும். ப்ரைம் வீடியோல இருக்கு. மொத்தம் 5 சீசன், 43 எபிசோட். பைலட், அதாவது மொத எபிசோட் மட்டும் 2017 மார்ச்ல வந்துச்சு, மீதி மொதல் சீசன் அதே வருஷம் நவம்பர்ல, கடைசி எபிசோட் 2023 மே மாசம். எபிசோட் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துலருந்து ஒரு மணி நேரம். எழுதி உருவாக்கினவங்க ஏமி ஷெர்மன் பல்லடினோ, கூட அவங்க வீட்டுக்காரர் டேனியல் பல்லடினோ. ஏமியோட அப்பாவே ஒரு காமெடியன், அதனால மேடைக்குப் பின்னாடி நடக்கற விஷயமெல்லாம் கேள்விப்பட்டு எழுதின மாதிரி இல்லாம வீட்டுக்குள்ள பாத்து வளந்த மாதிரியே இருக்கும். 2018 எம்மில, அதாவது அமெரிக்க டிவிக்கு குடுக்கற பெரிய அவார்டுல, காமெடி சீரிஸ்க்கு எழுத்து, இயக்கம் ரெண்டு அவார்டும் ஒரே ராத்திரில அவங்களுக்கு கெடச்சுது, அதுக்கு முன்னாடி எந்தப் பொம்பளைக்கும் அப்படி கெடச்சதில்ல. இதெல்லாம் நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு. அம்மாட்ட சொல்லாதீங்க, இப்போதைக்கு வேணாம்.

அம்மாட்ட சொல்ல வேண்டியது கதை. அதையும் கதைச்சுருக்கம் மாதிரி சொல்லாம, தெரிஞ்சவங்க வீட்டு விஷயத்த சமையக்கட்டுல நின்னு சொல்ற மாதிரி சொல்லுங்க. இப்படி: "ஒரு பொண்ணும்மா, மிரியம்னு பேரு, மிட்ஜ்னு கூப்புடுவாங்க. பெரிய காலேஜ்ல ரஷ்ய இலக்கியம் படிச்சவ. ரெண்டு குழந்தைங்க. அதே பில்டிங்லயே அவ அம்மா அப்பாவும் இருக்காங்க. புருஷன் தூங்கின அப்புறம் மெதுவா எழுந்து போய் மேக்கப்ப கலைச்சு கிரீம் தடவிட்டு வந்து படுப்பா, காலைல அவன் முழிக்கறதுக்குள்ள எழுந்து தல வாரி லிப்ஸ்டிக் வரைக்கும் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்ப படுத்துப்பா, கல்யாணம் ஆகி நாலு வருஷம், அவ நிஜ மூஞ்சிய அவன் பாத்ததே இல்ல." இங்க நிறுத்துங்க. நிறுத்திட்டு காபி குடிங்க. "அப்புறம்?"னு கேப்பாங்க. கேட்டா, "டெய்லி டேப் வெச்சு கணுக்கால அளந்து நோட்டுல எழுதி வெப்பா, அவ அம்மா ஒருத்தி, அவ என்னடான்னா கைக்குழந்தைக்கு நெத்தி பெருசாயிட்டே போகுதுன்னு கவலப்படுவா"ன்னு சொல்லுங்க. அதோட போதும். புருஷன் ஓடிப்போற கதைய நீங்க சொல்லாதீங்க, அது திரையில அவங்களுக்கு நடக்கட்டும்.

ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, "ஒரு இல்லத்தரசி புதுசா வேற ஆளா மாறற கதை"ன்னு இத விக்காதீங்க. எனக்கு இதுல ரொம்ப அழுத்தமான கருத்து இருக்கு. மிட்ஜ் வேற ஆளா மாறவே இல்ல. பைலட்ல புருஷன் ஜோயல் காஸ்லைட்னு ஒரு சின்ன கிளப்ல ராத்திரி போய் காமெடி பண்றான், இவ கூட போய் உக்காந்து எங்க சிரிச்சாங்க எங்க சிரிக்கலன்னு நோட்டுல எழுதறா, அவனுக்கு நல்ல டைம் ஸ்லாட் வேணும்னு அங்க இருக்கற மேனேஜருக்கு தன் கையால பிரிஸ்கெட்னு ஒரு மாட்டுக்கறி சமைச்சு கண்ணாடிப் பாத்திரத்துல எடுத்துட்டுப் போய் குடுக்கறா. வீட்டுக்கு யார் வரணும், யார எங்க உக்கார வைக்கணும், எப்ப என்ன பேசினா எல்லாரும் சிரிப்பாங்கங்கறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதே நோட்டு, அதே கவனிப்பு, அதே ஆள் புடிக்கற சாமர்த்தியம், அதே ஞாபக சக்தி, இதெல்லாம் இத்தன நாள் புருஷன் பேருல ஓடிட்டு இருந்துச்சு, இப்ப அவ பேருல ஓடுது, அவ்ளோதான் மாற்றம். அந்த பேரக் கூட பாருங்க, எத்தனையோ பேர் யோசிச்சு போட்டுப் பாத்து கடைசில அவ மேடைல தனக்கு வெச்சுக்கற பேர் மிஸஸ் மெய்சல், அவன் குடுத்துட்டுப் போன பேரையே தனக்கு எடுத்துக்கறா. இந்த விஷயத்த நம்ம வீட்டு பொம்பளைங்க சட்டுனு புடிச்சுப்பாங்க. முப்பது நாப்பது வருஷமா கல்யாணம், காதுகுத்து, சீமந்தம்னு நூறு பேர சமாளிச்சவங்களுக்கு இது புரிய யாரும் உக்காந்து விளக்க வேண்டாம்.

எங்க சித்தி மேற்கு மாம்பலத்துல இருக்காங்க, அவங்க கூட உக்காந்து பைலட் பாத்தேன். ஜோயல் போயிட்டான், அதுவும் இவளோட சூட்கேஸையே எடுத்துட்டு. இவ அப்பாட்ட போய் சொன்னா அப்பா இவளயே கேள்வி கேக்கறாரு. நைட்டி மேல கோட்ட மாட்டிட்டு, கைல வைன் பாட்டிலோட, கொட்ற மழைல சப்வே புடிச்சு அந்த கிளப்புக்குப் போறா. எதுக்குப் போனா தெரியுமா, அந்த கண்ணாடிப் பாத்திரத்த திரும்ப வாங்க. சித்தி அது வரைக்கும் சோபால சாஞ்சு ஒரு கண்ணு ஃபோன்ல இருந்தவங்க, நிமிந்து உக்காந்து "பின்ன, பாத்திரத்த விட்டுட்டு வர முடியுமா"ன்னாங்க. அவ்ளோதான், ஃபோன் கீழ போயிடுச்சு. அந்த இடத்துல நீங்க எதுவும் பேசாதீங்க.

அதுக்கு அடுத்த பத்து நிமிஷத்துக்கு மட்டும் முன்னேற்பாடு வேணும். மேடைல ஏறி போதைல மனசுல இருக்கறத எல்லாம் கொட்டுவா, கொட்டிட்டு கடைசில நைட்டிய இறக்கி மார்பக் காட்டிடுவா, போலீஸ் புடிச்சிட்டுப் போகும். இத முதல்லயே நேரா சொல்லிடுங்க. "இங்க ஒரு சீன் வரும், இப்படி பண்ணுவா, அதுக்காக அவள அரெஸ்ட் பண்ணுவாங்க, அது கதைக்கு முக்கியம்"னு சாதாரணமா சொன்னா பெரியவங்க சாதாரணமாத்தான் எடுத்துப்பாங்க, சொல்லாம விட்டுட்டு அந்த நேரம் பாத்து ரிமோட்ட தேடி தடவறதுதான் எல்லாருக்கும் சங்கடம். ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அந்த பேச்சு போச்சுன்னா கதையே போச்சு. தாத்தா, சின்னப் பசங்க ஹால்ல இருக்கற நேரத்துல பைலட்ட போடாதீங்க. கெட்ட வார்த்தை நிறைய வரும், குறிப்பா அவ மேனேஜரா வர்ற சூசி வாயத் திறந்தா அதுதான். நாலாவது சீசன்ல மிட்ஜ் ஸ்ட்ரிப் கிளப்லயே வேலை பாக்கறா. இதெல்லாம் தெரிஞ்சு உக்காருங்க.

நேரம் எதுன்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு பாத்திரமெல்லாம் ஒழிச்சப்புறம், ரெண்டரை மூணு மணிக்கு. சாயங்காலம் வேணாம், சீரியலோட போட்டி போட்டு இது ஜெயிக்காது, ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஒரு தடவைக்கு ஒரு எபிசோட், அவங்களே கேட்டா ரெண்டு. ராத்திரி முழுக்க உக்காந்து ஒரே மூச்சுல பாக்கற வகை இது இல்லன்னு நான் சொல்வேன், ஏன்னா வசனம் அவ்ளோ அடர்த்தி, மூணு எபிசோட் சேந்தாப்ல பாத்தா காது களைச்சுப் போயிடும்.

வேகம்தான் இதுல பெரிய தடை, அத ஒத்துக்கணும். எல்லாரும் படபடன்னு பேசுவாங்க, ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிடுவாங்க. இங்கிலீஷ் சப்டைட்டில கண்டிப்பா போடுங்க, இங்கிலீஷ் சரளமா பேசறவங்களுக்கும் போடுங்க. இங்கிலீஷ் அவ்ளோ பழக்கமில்லாதவங்கன்னா வரிக்கு வரி மொழிபெயர்க்காதீங்க, அது ரெண்டு பேருக்கும் தண்டனை. ஒரு சீன் முடிஞ்சதும் ஒரே ஒரு வாக்கியம், "இவ அப்பா என்ன சொல்றாருன்னா நீ என்ன பண்ணின அவன் போறதுக்கு, நீ போய் கூட்டிட்டு வான்னு சொல்றாரு", இது போதும். ஜோக்க விளக்காதீங்க. மேடைல அவ பேசறதுல பாதி ஜோக் புரியலன்னாலும் அவ நிக்கற நிப்பு, மூச்சு விடற இடம், மைக்க புடிக்கற கை, இதுலயே சிரிப்பு வந்துடும், ரேச்சல் ப்ராஸ்னஹன் அப்படி நடிச்சிருக்காங்க.

முன்னாடியே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் ரெண்டு மூணு இருக்கு. இவங்க யூதக் குடும்பம். அவங்க சாப்பாட்டுல பன்னி, இறால் எல்லாம் ஆகாது. மொத சீனே கல்யாண விருந்து, அதுல மிட்ஜ் எழுந்து பேசிட்டு கடைசில "எக் ரோல்ல இறால் இருக்கு"ன்னு சொல்லிடுவா, மண்டபமே அல்லோலகல்லோலப்படும். அது ஏன் அவ்ளோ பெரிய கலாட்டான்னு தெரியலன்னா அந்த சீன் விழாது, தெரிஞ்சா நம்ம ஊர்ல மடி ஆசாரம் பாக்கற எந்தக் குடும்பத்துக்கும் மறுவார்த்தை வேண்டாம். அடுத்தது யோம் கிப்பூர், வருஷத்துல ஒரு நாள், தண்ணி கூட குடிக்காம இருக்கற விரதம், அது முடிஞ்சு சாப்பிடறதுக்கு அவங்க மதகுரு, அதாவது ராபி, இவ வீட்டுக்கு வர்றதா ஏற்பாடு. இவளுக்கு அது எவ்ளோ பெரிய கௌரவம், ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறா. சரியா அந்த விரதம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின ராத்திரிதான் ஜோயல் பெட்டியக் கட்றான். வீட்டுக்கு பெரியவங்க வர்ற நேரம் பாத்து இப்படி ஆனா எப்படி இருக்கும்னு நம்ம அம்மாக்கள்ட்ட கேட்டுப் பாருங்க.

பிரிஸ்கெட் மாட்டு நெஞ்சுக்கறிங்கறத சைவ வீடுன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மறைக்க வேண்டாம்.

லென்னி புரூஸ் யாருன்னும் சொல்லணும். சீரிஸ்ல லூக் கர்பி நடிச்சிருக்கற இந்த ஆள் கற்பனை இல்ல, நிஜமா இருந்த காமெடியன், 1925-ல பொறந்து 1966-ல 40 வயசுல செத்துப் போனார். மேடைல ஆபாசமா பேசினார்னு திரும்பத் திரும்ப புடிச்சு வழக்குப் போட்டாங்க, 1964-ல நியூயார்க்ல தண்டனையும் குடுத்தாங்க, அப்புறம் அவர் செத்து முப்பத்தேழு வருஷம் கழிச்சு 2003-ல நியூயார்க் கவர்னர் மன்னிப்பு குடுத்தாரு. பேச்சுக்காக ஒரு ஆள ஜெயில்ல போடுவாங்கன்னு தெரிஞ்சாதான் மிட்ஜ் மேடைல ஏர்றது எவ்ளோ பெரிய விஷயம்னு உறைக்கும். காஸ்லைட் கூட நிஜம்தான், நியூயார்க்ல கிரீன்விச் வில்லேஜ்ங்கற பகுதில மெக்டூகல் தெருவுல இருந்துச்சு, 1958-ல திறந்தாங்க.

1958ங்கற வருஷத்த அம்மாட்ட சும்மா போட்டுப் பாருங்க. நம்ம மனோரமா ஆச்சி தமிழ் சினிமாவுக்கு வந்தது அதே 1958, கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கை படத்துல, அதுவும் காமெடி வேஷத்துல. மவுண்ட் ரோடு எல்ஐசி கட்டடம் திறந்தது அதுக்கு அடுத்த வருஷம். அங்க மிட்ஜ் பி. ஆல்ட்மன்ங்கற பெரிய கடைல ரெவ்லான் கவுன்ட்டர்ல லிப்ஸ்டிக் வித்துட்டு நிக்கற காலத்துல இங்க மெட்ராஸ் எப்படி இருந்துச்சுன்னு உங்க வீட்ல இருக்கற பெரியவங்களுக்குத்தான் தெரியும், இல்லன்னா அவங்க அம்மா சொல்லிக் கேட்டிருப்பாங்க. எந்தக் கடைல துணி எடுத்தாங்க, பஸ்ல தனியா போக விட்டாங்களா, முதல் சம்பளம் யார் கைல குடுத்தாங்க. கேட்டா மடை திறந்த மாதிரி வரும், அப்ப பாஸ் பண்ணிடுங்க. சீரிஸ் எங்கயும் ஓடிடாது. எனக்கு இந்த சீரிஸ் மேல இருக்கற அன்புல பெரும்பங்கு அந்த பாஸ் பண்ணின நேரத்துலதான் இருக்கு, சித்தி பி.காம் முடிச்சு பேங்க் பரிச்சை எழுத ஃபாரம் வாங்கி வெச்சிருந்த கதை எல்லாம் அந்த மேக்கப் கவுன்ட்டர் சீன் ஓடும்போதுதான் மொதல் தடவையா வெளிய வந்துச்சு.

அந்த நேரத்துல நீங்க செய்யக் கூடாத ஒரு காரியம், "பாத்தீங்களா, நீங்களும் ஏதாவது பண்ணிருக்கலாம்ல, இப்பக் கூட லேட்டில்ல"ன்னு ஆரம்பிக்கறது. வேணவே வேணாம். அவங்க சொல்றத முழுசா கேளுங்க, ஏதாவது தோணினா அவங்களே பண்ணுவாங்க. மிட்ஜ முன்மாதிரியா நிறுத்தவும் கூடாது, ஏன்னா அவளுக்கு இருந்தது எல்லாருக்கும் கெடையாது. அப்பா கொலம்பியா யுனிவர்சிட்டில கணக்கு புரொஃபசர், வேலைக்காரம்மா ஜெல்டா எப்பவும் வீட்ல, குழந்தைங்கள பாத்துக்க ரெண்டு பக்கமும் தாத்தா பாட்டி, கீழ விழுந்தா தாங்கறதுக்கு நாலு மெத்தை. அத சீரிஸே ஒளிக்கல. இதே காரணத்துக்காகத்தான், சமீபத்துல புருஷன் விட்டுட்டுப் போன, இல்ல டைவர்ஸ் கேஸ் நடந்துட்டு இருக்கற தோழிக்கு இத உடனே குடுக்காதீங்கன்னு சொல்வேன். "உனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு"ன்னு லிங்க் அனுப்பறவங்க நல்ல மனசோடதான் அனுப்பறாங்க, ஆனா அந்த சூட்கேஸ் சீனும், அப்பா கேக்கற கேள்வியும், மாமனார் மாமியார் வந்து உக்காந்து பேசற பேச்சும் ஆறாத புண்ணுல நேரா வந்து விழும். அவங்களா ஒருநாள் சிரிக்கற மாதிரி ஏதாவது சொல்லு பாக்கலாம்னு கேக்கட்டும், அப்ப குடுங்க.

உங்க அம்மா கட்டாயம் ஒரு கேள்வி கேப்பாங்க: "குழந்தைங்க எங்க? இவ பாட்டுக்கு ராத்திரி ராத்திரி போறாளே, அதுங்கள யாரு பாக்கறா?" இது நியாயமான கேள்வி, வக்காலத்து வாங்காதீங்க. நாலு சீசன் வரைக்கும் அந்தக் குழந்தைங்க ஒரு ஓரமா வந்துட்டுப் போறது எனக்கும் உறுத்தல்தான். ஆனா அஞ்சாவது சீசன் ஆரம்பிக்கறதே வளந்து பெரியவளான மக எஸ்தர் ஒரு தெரபிஸ்ட் முன்னாடி உக்காந்து அம்மாவப் பத்திப் பேசறதுல தான். அதனால கேள்வி வந்ததும் "ஆமா, அதுக்கு கடைசி சீசன்ல கணக்கு பாப்பாங்க"ன்னு மட்டும் சொல்லி வைங்க. அதுக்காகவே சில பேர் கடைசி வரைக்கும் வருவாங்க.

சீசன் சீசனா என் அபிப்ராயத்த சொல்லிடறேன். ஒண்ணு, ரெண்டு ரெண்டும் தங்கம். மொதல் சீசன்ல யாரோ எழுதிக் குடுத்த ஜோக்க கார்டுல வெச்சுட்டு மேடை ஏறி சொதப்பற எபிசோட் ஒண்ணு இருக்கு, அதத் தவற விட்டுடாதீங்க, தன் வாழ்க்கைலருந்து பேசினாத்தான் இவளுக்கு வருதுங்கறது அங்கதான் தெளிவாகுது. அதுக்கப்புறம் சோஃபி லென்னன்னு ஒரு பெரிய காமெடியன் வருவாங்க, ஜேன் லிஞ்ச் நடிச்சிருக்காங்க, மேடைல உடம்புக்குள்ள பஞ்சு வெச்சு தச்ச டிரெஸ் மாட்டிட்டு ஏழைப்பட்ட குண்டம்மாவா வர்ற இவங்க நிஜ வாழ்க்கைல மாளிகைல பட்டு உடுத்திட்டு உக்காந்திருக்கற பணக்காரி. பொம்பள சிரிக்க வைக்கணும்னா அழகா இருக்கக் கூடாதுன்னு அவங்க மிட்ஜுக்கு சொல்ற புத்திமதி இருக்கே, அத கேட்டுட்டு நம்ம சினிமால காமெடி பண்ண நடிகைகளுக்கு என்ன மாதிரி வேஷம் குடுத்தாங்கன்னு அம்மா தானாவே பட்டியல் போடுவாங்க.

ரெண்டாவது சீசன்ல மிட்ஜோட அம்மா ரோஸ் சொல்லாம கொள்ளாம பாரிஸுக்குப் போயிடுவாங்க. அத உங்க அம்மாவோட சேந்து பாக்கணும். மகளோட கதைதான்னு நெனச்சுட்டு இருக்கும்போது அம்மாவுக்கும் ஒரு கதை இருக்குன்னு காட்ற இடம் அது, ரோஸா வர்ற மரின் ஹிங்கிள் கண்ணாலயே நடிச்சிருப்பாங்க. அப்புறம் கேட்ஸ்கில்ஸ் எபிசோடுங்க. கேட்ஸ்கில்ஸ்ங்கறது நியூயார்க்குக்கு மேல இருக்கற மலைப்பகுதி, மத்த ஹோட்டல்ல யூதர்கள சேத்துக்காத காலத்துல அவங்களே அங்க ரிசார்ட் கட்டி கோடைக்கு குடும்பம் குடும்பமா போய் தங்கினாங்க, ராத்திரி ஆனா ஆட்டம் பாட்டம் காமெடி, அமெரிக்காவோட பெரிய காமெடியன் பல பேர் அங்க மேடை ஏறித்தான் தேறினாங்க. சூசி அங்க கைல ஒரு பிளஞ்சர, அதாங்க பாத்ரூம் அடைப்பு எடுக்கற ரப்பர் குச்சி, அத தூக்கிட்டு ரிசார்ட் பூரா திரியுவா, வேலைக்காரன்னு நெனச்சு ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. சூசியா வர்ற அலெக்ஸ் போர்ஸ்டைனுக்கு 2018, 2019 ரெண்டு வருஷமும் எம்மி குடுத்தது சும்மா இல்ல. அப்பாவா வர்ற டோனி ஷலூப் காலங்காத்தால ஒரு டிரெஸ் போட்டுட்டு எக்சர்சைஸ் பண்ணுவாரு, அத நான் வர்ணிக்க மாட்டேன், வீட்ல இருக்கற ஆம்பளைங்களையும் அந்த ஒரு எபிசோடுக்கு கூப்புடுங்க.

மூணாவது பாக்க கண்ணுக்கு நல்லா இருக்கும், ஷை பால்ட்வின்ங்கற பாடகரோட டூர், லாஸ் வேகாஸ், மியாமின்னு. ஆனா கதை அங்கங்க தொங்கும், கடைசி எபிசோட் அத தூக்கிடும். நாலாவதுதான் சுமார், நடுவுல பெரியவங்க "எனக்கு தூக்கம் வருது"ன்னு எழுந்து போனா வற்புறுத்தாதீங்க, ஒரு வாரம் விடுங்க, ஆனா அந்த சீசனோட கடைசி எபிசோடுக்கு திரும்ப கூட்டிட்டு வந்துடுங்க. அஞ்சாவது முன்னும் பின்னுமா 1960கள்லருந்து பல வருஷம் தாண்டித் தாண்டிப் போகும், திரையில வருஷம் எழுதி வந்ததும் ஒருதடவ வாய்விட்டு சொல்லிடுங்க, இல்லன்னா யாரு கிழவி யாரு குமரின்னு குழம்பிடும்.

துணிமணி பத்தி தனியா சொல்லணும். டோனா ஜகோவ்ஸ்காங்கறவங்க காஸ்ட்யூம். மிட்ஜோட கோட்டு, தொப்பி, கையுறை, பர்ஸ் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும், அவ மனசு எப்படி இருக்கோ கலரும் அப்படி மாறும், ஆரம்பத்துல ரோஸ் கலர் கோட்டுல வர்றவ மேடைல நிக்கற கறுப்பு டிரெஸ்ஸுக்கு வந்து சேர்றத கவனிங்க. புடவைக்கு பிளவுஸ் மேட்ச் பாக்க தி. நகர்ல கடை கடையா ஏறி எறங்கினவங்களுக்கு இது பெரிய விருந்து. கதை புரியலன்னு ஒதுங்கற ஒருத்தர இந்த ஒரு வழிலயே உள்ள இழுத்துட்டு வர முடியும், வால்யூம கம்மி பண்ணிட்டு பாத்தாக் கூட துணிக்காக பாக்கலாம்.

"இதெல்லாம் கதைக்குத்தான், நிஜத்துல எங்க நடக்கும்"னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா ஃபிலிஸ் டில்லர் பத்தி சொல்லுங்க. அஞ்சு குழந்தைங்களுக்கு அம்மா, 1955-ல சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு கிளப்ல மொதல் தடவ மேடை ஏறும்போது 37 வயசு. அவங்களுக்கும் முன்னாடியே ஜீன் கேரல்னு ஒருத்தர், நல்ல டிரெஸ் போட்டு அழகா நின்னு புருஷன் குழந்தைங்கன்னு வீட்டு விஷயத்தயே பேசி சிரிக்க வெச்சவங்க, எட் சல்லிவன் ஷோங்கற அந்தக் காலத்து பெரிய டிவி நிகழ்ச்சில பல தடவ வந்திருக்காங்க. ரெண்டு பேரோட பழைய கிளிப்பும் யூடியூப்ல கெடைக்கும், அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டிட்டு மறுபடி மிட்ஜ போடுங்க, அதுக்கப்புறம் அவ மேடை ஏர்றத பாக்கற பார்வையே வேற ஆயிடும்.

கடைசி எபிசோடோட பேரு நாலு நிமிஷம். அது என்ன நாலு நிமிஷம்னு நீங்களும் முன்னாடி தேடிப் படிக்காதீங்க, அவங்களுக்கும் சொல்லாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், நடுவுல நிறுத்தக் கூடாது. அதனால அன்னிக்கு மட்டும் காபிய முன்னாடியே போட்டு வெச்சுடுங்க, சிலிண்டர்காரன், அயர்ன் துணி, எதிர் வீட்டு ஆன்ட்டி எல்லாத்தையும் மூணு மணிக்கு முன்னாடி முடிச்சுட்டு, ரெண்டு பேர் ஃபோனையும் சைலன்ட்ல போட்டு உள் ரூம்ல வெச்சுட்டு உக்காருங்க.